கொசுறாக வந்த சர்க்கரை

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், நாற்காலிக் கடைக்காரன், நின்றுகொண்டே எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அதைவிட நலமாக இருக்க வேண்டும். கடிதம் என்றால் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் "நலம்" என்று எழுதிவிட்டேன். உண்மையில் அந்த நலத்தைப் பற்றிய தகராறுதான் இந்தக் கடிதமே. எழுத்து கோணலாகத் தெரிந்தால் மன்னிக்கவும். கடை நிறைய நாற்காலி. சாய்வது, சுழல்வது, மடிப்பது, பஞ்சு வைத்தது, வைக்காதது என்று எல்லாம் இருக்கிறது. நான் மட்டும் ஒரு அலமாரியின் தலையில் தாளை வைத்து, எட்டி எட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனை எடுத்தால் உங்கள் தங்கை பக்கத்தில் வந்து துணி மடிக்க ஆரம்பித்துவிடுகிறாள். அதனால்தான் தபால்.

எல்லாம் ஒரு கொசுறில் ஆரம்பித்தது. கொசுறு வாங்காமல் நான் எந்தக் கணக்கையும் முடித்தவன் இல்லை, உங்களுக்கே தெரியும். ஒரு மூட்டை ஆணி வாங்கினாலும் மேலே ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டுதான் படி இறங்குவேன். தோளில் நாற்காலியைச் சுமந்து தெருத்தெருவாக விற்ற காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம், விடுமா? ரெண்டு தெரு தள்ளி ஒரு டாக்டரம்மா புதிதாகக் கிளினிக் திறந்தார். நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு நாற்காலி வாங்க நேரே நம் கடைக்கு வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடி, சிரிப்பு கிடையாது. பேரம் பேசினார் பாருங்கள், எனக்கே கழுத்து வியர்த்துவிட்டது. கடைசியில் நான்தான் இறங்கினேன். இறங்கின வயிற்றெரிச்சலில், "இவ்வளவு குறைச்சுட்டேன், எனக்குக் கொசுறா என்னம்மா தருவீங்க?" என்று கேட்டேன். அந்தம்மா என்னைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்து வயிற்றில் நிறுத்தினார். ரத்தப் பரிசோதனை ஒன்று இலவசமாகச் செய்து தருகிறேன், நாளைக்குக் காலையில் வாருங்கள் என்றார். சும்மா வருவதை விடுகிற ஆளா நான்? கிளினிக் கதவைத் திறப்பதற்கு முன்பே சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் நின்றேன். மச்சான், என் வாழ்நாளில் நான் வாங்கியதிலேயே விலை அதிகமான பொருள் அந்த இலவசம்தான்.

முடிவு வந்தது. சர்க்கரை வியாதி இன்னும் வரவில்லையாம், ஆனால் வாசல் வரைக்கும் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறதாம். இரண்டாம் வகை என்கிறார்கள், பெரியவர்களுக்குச் சத்தமில்லாமல் வருகிற வகை. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது, இடுப்பைச் சுற்றி சதை, இனிப்பு டீ, அரைகுறைத் தூக்கம் இதெல்லாம் அதை அழைக்க வைக்கிற வெற்றிலை பாக்கு... இல்லை, அப்படி அவர் சொல்லவில்லை, அது என் பாஷை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "இப்போ திருப்பி அனுப்பிடலாம். உள்ளே வந்து உட்கார்ந்துட்டா, அப்புறம் அது உங்க வீட்டு ஆளு." வழி என்ன என்று கேட்டேன். தினம் அரைமணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார். முதலில் சொல்லும் விலைக்குச் சரி என்று தலையாட்டினால் நான் என்ன வியாபாரி? கடை நிலவரம், கால் வலி, மழை, வெயில் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, பத்து நிமிஷம் வரைக்கும் கீழே இழுத்துப் பார்த்தேன். சரி, பத்து நிமிஷம் போதும், சாப்பிட்ட பிறகு நடங்க என்று முகம் மாறாமல் ஒத்துக்கொண்டார். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு முடித்துவிட்டேனே என்று வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "நீங்க ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடறீங்க?" என்று கேட்டாள். மூன்று வேளை. மறுபடியும் அதே அரைமணி. இத்தனை வருஷம் கடை நடத்தி, என் மகள் வயதுப் பெண்ணிடம் மொத்தமாக ஏமாந்து வந்திருக்கிறேன்.

மணி அடித்துவிட்டது. ஒரு சுற்று போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். மணி என்னவென்று சொல்லவில்லையே. சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கிற, திருகிவிட்டால் கொஞ்ச நேரம் கழித்து அடிக்கும் சின்னக் கடிகாரம். அதைக் கொண்டுவந்து என் கல்லாவின் மேல் வைத்துவிட்டாள். அரைமணிக்கு ஒரு தடவை அது அடிக்கும், நான் கடையை ஒரு சுற்று சுற்ற வேண்டும். வாடிக்கையாளர் பாதி விலை சொல்லிக்கொண்டிருக்கும்போது அடித்தாலும் எழுந்து போகத்தான் வேண்டும். அணைத்துப் பார்த்தேன். கொஞ்ச நாள் அது நிம்மதியாகப் போனது. அப்புறம் எதிர்த்த டீக்கடைக்காரர் போட்டுக்கொடுத்துவிட்டார்.

அந்த டீக்கடைக்காரர் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். என் வியாபார முறை உங்களுக்குத் தெரியும். வாடிக்கையாளர் வந்தால் நாற்காலியின் பெருமையை நான் வாயால் சொல்ல மாட்டேன். நானே அதில் போய்ப் பொத்தென்று உட்காருவேன். எதிரில் அவரை உட்கார வைப்பேன். ரெண்டு டீ வரும், நாலு கரண்டி சர்க்கரையோடு. குடித்து முடிக்கும்வரை நான் விலையைப் பேச மாட்டேன், ஊர் நிலவரம் பேசுவேன். டீ தீரும்போது அவருக்கு அந்த நாற்காலியை விட்டு எழ மனசு வராது. இந்த உட்கார்ந்த டீதான் ஒற்றைக் கதவுக் கடையை மூன்று கதவுக் கடையாக ஆக்கியது. ஒரு நாளைக்கு எத்தனை வாடிக்கையாளரோ அத்தனை டீ எனக்கும். இதை டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மறுநாளே உங்கள் தங்கை டீக்கடைக்குப் போய், இனிமேல் இவருக்கு வருகிற டீயில் சர்க்கரை இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாள். நான் என்ன அதற்கெல்லாம் அசருவேனா? வாடிக்கையாளருக்கு ரெண்டு டீ என்று சொல்லி அனுப்பினேன், ரெண்டும் சர்க்கரையோடு. ஒரு நாள் நடந்தது. ரெண்டாம் நாள் டீக்கடைக்காரர் தானே தட்டை எடுத்துக்கொண்டு வந்து, வாடிக்கையாளர் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை நின்று, அப்புறம் ரெண்டாவது டம்ளரையும் அவரிடமே நீட்டினார். அந்த மனிதர் பாவம், மரியாதைக்காக ரெண்டையும் குடித்துவிட்டு, நாற்காலியை மறந்துவிட்டு, கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டு ஓடினார். டீக்கடைக்காரருக்கும் எனக்கும் எத்தனை வருஷப் பழக்கம். ஏன்யா இப்படிப் பண்றே என்று கேட்டால், "உங்க வீட்டம்மா என் கடைக்குப் புது பெஞ்சு போட்டுத் தர்றதாச் சொல்லியிருக்காங்க" என்கிறார். யார் கடைப் பெஞ்சு? என் கடைப் பெஞ்சு, மச்சான். என் சரக்கைக் கொடுத்து என் சர்க்கரையை நிறுத்தியிருக்கிறாள்.

வீட்டில் நடப்பதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தேன், தட்டு நிறைந்திருக்கிறது, ஆனால் வயிறு நிறையவில்லை. என்னடா இது என்று உற்றுப் பார்த்தால் தட்டே மாறியிருக்கிறது. முன்னால் இருந்ததைவிட ரெண்டு விரல் சின்னது. விலையை ஏற்றாமல் அளவைக் குறைக்கிற வித்தையை நான் கண்டதில்லையா? பஞ்சு மெத்தைக்காரன் என்னிடமே அந்த வேலையைக் காட்டியிருக்கிறான். என் வீட்டுச் சமையலறையிலேயே அது நடக்கும் என்று நினைக்கவில்லை. அந்தச் சின்னத் தட்டிலும் பாதி காய்கறியும் கீரையும், கால்வாசி பருப்போ முட்டையோ மீனோ. மிச்சம் இருக்கிற மூலையில் சோறு பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. சரி, பழம் நல்லது என்கிறார்களே என்று நானாகவே யோசித்து, பழச்சாறு பிழிந்து, காலையில் ஒரு பெரிய டம்ளர், மாலையில் ஒரு பெரிய டம்ளர் என்று குடித்து வந்தேன். உடம்பைக் கவனிக்கிறேன் என்று மனசுக்குள் ஒரு திருப்தி. டாக்டரம்மாவிடம் சொன்னபோது, அஞ்சாறு பழத்தின் சர்க்கரையை எடுத்துக்கொண்டு நாரைக் குப்பையில் போட்டிருக்கிறீர்கள், பழத்தைப் பழமாகக் கடித்துத் தின்னுங்கள், அதுவும் ஒன்று என்றார். சரக்கை வீசிவிட்டு அட்டைப்பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த கதையாகப் போனது. படுக்கை அறையிலிருந்து டிவியை எடுத்தாகிவிட்டது. தூக்கம் குறைந்தாலும் சர்க்கரை ஏறுமாம். படுத்துக்கொண்டு மேலே காற்றாடியைப் பார்க்கிறேன், அது சுற்றுகிறது. எனக்கு அதையும் எண்ணிக்கொண்டு எழுந்து ஒரு சுற்று வரலாமா என்று இருக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பயம் எங்கே என்றால், நான் கொடுத்த வாக்கில். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. எண் இறங்கினால் சாவி என்னிடம். இறங்காவிட்டால் மாத்திரை ஆரம்பிக்கும். கடைச் சாவி நம் மகள் கைக்குப் போகும், நான் வீட்டில் ஓய்வெடுக்க வேண்டும். இதற்கு உங்கள் தங்கையிடம் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்றால், எனக்கு ஒரு திட்டம் இருந்தது. பரிசோதனைக்கு ரெண்டு நாள் முன்னால் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை எங்கிருந்து வரும்? வாக்கைக் கொடுத்த பிறகுதான் டாக்டரம்மா சொல்கிறார், இந்தப் பரிசோதனை நேற்றைக்கு என்ன தின்றீர்கள் என்று பார்ப்பதில்லை, கடந்த மூன்று மாதத்துக்கும் சேர்த்துச் சராசரி சொல்லும் என்று. கடைசி நாளில் தூசி தட்டி அடுக்கிக் காட்டுகிற வேலை அதனிடம் நடக்காது. பழைய சரக்கு கிட்டங்கியில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று மோந்தே சொல்லிவிடும். வாக்கு மாறுகிறவன் என்று யாராவது என்னைச் சொன்னதுண்டா? அதனால்தான் தவிக்கிறேன். மகள் கெட்டிக்காரி, கடையை நன்றாகவே நடத்துவாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் என்ன செய்வேன் என்பதுதான் கேள்வி. உட்கார்ந்தே இருந்ததால் வியாதி என்கிறார்கள், அதற்குத் தண்டனை வீட்டில் உட்காருவதா? இந்த நியாயத்தை உங்கள் தங்கையிடம் யார் கேட்பது?

மறுபடியும் மணி.

வந்துவிட்டேன். மூச்சு வாங்கவில்லை, முன்பெல்லாம் வாங்கும். இருக்கட்டும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். கல்லாவுக்குப் பின்னால் நான் உட்காரும் நாற்காலி உங்களுக்கு நினைவிருக்கும். கைப்பிடியில் என் முழங்கை பட்டுப் பட்டு மினுமினுத்துப் போனது. போன மாதம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷ நடையை முடித்துக்கொண்டு வந்து உட்காரப் போனால் அங்கே தரை இருக்கிறது, நாற்காலி இல்லை. நல்ல வேளை, பிடித்துக்கொண்டேன். உங்கள் தங்கை விற்றுவிட்டாள். யாருக்கு என்று கேட்டதற்கு, வாங்கினவங்களுக்கு என்றாள். பழைய நாற்காலியை, புது நாற்காலி விலைக்கு, கொசுறும் கொடுக்காமல் விற்றிருக்கிறாள். கோபத்துக்கு நடுவில் ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. மறைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து நின்ற வியாபாரம். ஒரு வாடிக்கையாளர், உங்க கடை நாற்காலியில உட்கார உங்களுக்கே பயமா என்று கேட்டார். இன்னொருவர் நான் வாட்ச்மேன் என்று நினைத்து முதலாளி எப்போ வருவார் என்றார். மணி அடித்து நான் சுற்றப் போனால் வாடிக்கையாளரும் பேசிக்கொண்டே பின்னால் வருகிறார். அப்படிச் சுற்றும்போது, கடைக் கோடியில் யாரும் எட்டிப் பார்க்காமல் தூசி படிந்து கிடந்த கட்டில்களும் அலமாரிகளும் அவர்கள் கண்ணில் பட்டு, ஒன்றிரண்டு விற்றும் போயின. ஒன்றிரண்டு என்ன, கோடி மூலையே காலி. ஆனால் அது வேறு விஷயம். இங்கே கொள்கைதான் முக்கியம்.

நாற்காலி போன அன்று நான் கடையிலேயே சத்தம் போட்டுவிட்டேன். நானா வியாதிக்காரன், நீயா என்றேன். என் கடை, என் உடம்பு, என் நாற்காலி என்றேன். அவள் கல்லாவைப் பூட்டினாள், சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "எங்க அப்பாவுக்குச் சர்க்கரையில கண்ணு போன பிறகு, தட்டுல எது எங்கே இருக்குன்னு கையைப் பிடிச்சுக் காட்டினது நான். அப்பவும் அவர் இனிப்புதான் கேட்டார். உங்களுக்கும் அப்படிக் காட்ட எனக்குத் தெம்பு இல்லைங்க."

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அவர் உங்களுக்கும் அப்பா. கையோடு வந்துவிட்டது, அடிக்கவும் மனசில்லை.

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் நியாயம் இருந்தால் இன்னொரு பக்கத்திலும் கொஞ்சம் இருக்குமல்லவா? ஆகையால் உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், பரிசோதனைக்கு முன்னால் நீங்கள் ஒரு நடை வந்து, அண்ணன் என்ற முறையில் உங்கள் தங்கைக்குச் சொல்ல வேண்டும். சாவி பேச்சை விட்டுவிடச் சொல்லுங்கள். நாற்காலியைத் திரும்ப வாங்கித் தரச் சொல்லுங்கள். டீயில் ஒரு கரண்டியாவது போடச் சொல்லுங்கள், நாலு வேண்டாம், ஒன்று போதும், நான் இறங்கி வரத் தயார். நீங்களும் என்னைப் போலவே கல்லாவில் உட்கார்ந்தவர், என்னைப் போலவே இனிப்பு டீ குடிப்பவர். என் கஷ்டம் உங்களுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்?

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், நன்றாகப் படிக்கட்டும், ஓடி விளையாடட்டும். உங்கள் வியாபாரம் பெருகட்டும், வீட்டில் சிரிப்பு குறையாமல் இருக்கட்டும். பதிலை வீட்டு முகவரிக்கு அனுப்பாதீர்கள், கடை முகவரிக்கு அனுப்புங்கள். அதையும் டீக்கடைக்காரர் கண்ணில் படாமல் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கால் கடுக்க நிற்கும் உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: இந்தக் கடிதம் என் சட்டைப் பையில் தங்கிவிட்டது. தபால் பெட்டி மூன்றாவது தெருவில் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு அதுவரை நடந்து போவேன், போட மறந்து பேசிக்கொண்டே திரும்பி வருவேன், மறுபடி போவேன். இதற்குள் பரிசோதனையும் முடிந்துவிட்டது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு வாங்கப் போனேன். காத்திருக்கும் அறையில் நான் விற்ற நாற்காலிகள் வரிசையாக இருந்தன. மூலையில், ஜன்னல் பக்கம், கைப்பிடி மினுமினுக்க என் நாற்காலி. டாக்டரம்மாதான் வாங்கியிருக்கிறார், ரெண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை. உங்கள் தங்கை என் முகத்தைப் பார்த்தாள், உட்காருங்க என்றாள். எத்தனை நாள் ஆசை, பொத்தென்று உட்கார்ந்தேன். சொன்னால் நம்புங்கள் மச்சான், இருக்க முடியவில்லை. கால் ரெண்டும் தானாக ஆடுகிறது. முதுகு ஒட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடக்க ஆரம்பித்துவிட்டேன். காத்திருந்த ஒரு பெரியவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் அதைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

எண் இறங்கியிருக்கிறது. கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாகிவிட்டது, மாத்திரை வேண்டாம், ஆனால் நடையையும் தட்டையும் விட்டால் மறுபடி வாசலில் வந்து நிற்கும் என்றார் டாக்டரம்மா. சாவி என் பையிலேயே இருக்கிறது. உங்கள் தங்கை வரும் வழியெல்லாம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள், தூசி என்றாள்.

கிளம்பும்போது டாக்டரம்மா இன்னும் சில நாற்காலி வேண்டும் என்றார். தான் முதலில் சொன்ன விலையிலேயே நின்றுகொண்டார், நான் ஒரு பேச்சும் பேசாமல் ஒத்துக்கொண்டேன். அவருக்கே சந்தேகம் வந்து, கொசுறு எதுவும் கேட்கலையா என்றார். கேட்டேன். அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு அதிகமாம். உங்கள் தங்கை ஏற்கெனவே பார்த்துக்கொண்டுவிட்டாள், அவளுக்கு ஒன்றுமில்லை. பாக்கி இருப்பது நீங்கள்தான். உங்கள் பெயரில் ஒரு ரத்தப் பரிசோதனை வாங்கி வைத்திருக்கிறேன், இலவசம்.

அதனால் அவசியம் வாருங்கள். பட்டினி கிடந்து வர வேண்டாம், அது மூன்று மாதத்தையும் பார்த்துவிடும் என்று மேலேயே சொல்லியிருக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வாருங்கள். எதிர்க்கடையில் டீ கேட்டுப் பார்க்காதீர்கள், உங்கள் போட்டோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.